ஒருபகல் சேலை

ஆடி மூன்றாம் வெள்ளி, பொழுது விடிகிற நேரம். பிள்ளையார்பாளையத்தில் திருஞானசம்பந்தத்தின் வீட்டுத் தறிக்கூடத்தில் விளக்கேற்றியபோது இருந்தவர்கள் இவர்கள்தான்: வீட்டுக்கு மூத்தவரும் அன்றைக்கு நெய்ய வேண்டியவருமான திருஞானசம்பந்தம், வயது எழுபத்திரண்டு; அவர் மனைவி புவனேஸ்வரி; மருமகள் சங்கீதா; பெரியவரின் சித்தப்பா மகன் வேணுகோபால்; கோயில் தர்மகர்த்தாவான ஓய்வுபெற்ற வாத்தியார் குமரகுரு. மகன் ஆனந்தகுமார் ஓசூரில் வேலையில் இருந்தான், வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அன்றைக்கு அந்தக் கூடத்தில் நானும் இருந்தேன் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் இப்போது தெருவுக்குத் தெரு முளைத்திருக்கிறார்கள்.

தறிகாத்த அம்மன் கோயில் பெரிய கோயில் இல்லை. கோபுரம் கிடையாது, குளம் கிடையாது. காஞ்சிபுரத்துக்குக் கோயில் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. உள்ளே முழங்கால் உயரத்துக்கு ஒரு கல், கல்லில் இரண்டு வெள்ளிக் கண்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தத் தெருவில் யார் தறியில் புதுப் பாவு நூல் ஏற்றினாலும் முதல் எலுமிச்சம்பழம் அவளுக்குத்தான் போகும். ஆடி மூன்றாம் வெள்ளியன்று அவளுக்கு ஒருபகல் சேலை சாத்துவார்கள். மூன்று முழம் பட்டு. உடல் குங்குமச் சிவப்பு, இரண்டு பக்கமும் மஞ்சள் கரை. சூரியன் தலைகாட்டியபின் தொடங்கி, அந்தி விளக்குக்கு முன்னால் நெய்து அறுத்துவிட வேண்டும். அன்றைக்குப் பிறந்த துணியை அன்றைக்கே அவள் உடுத்துவாள். அந்தப் பகல் முழுக்கத் தெருவில் வேறெந்தத் தறியும் ஓடாது. வருடம் முழுக்கச் சத்தத்திலேயே கிடக்கிற தெரு, அன்றைக்கு ஒரே ஒரு தறிக்காக வாயை மூடிக்கொள்ளும்.

அந்தச் சேலையை நெய்கிற உரிமை திருஞானசம்பந்தத்தின் குடும்பத்துக்கு. குடும்பத்தில் மூத்த ஆண் நெய்வார், அவர் வீட்டுப் பெண்ணொருத்தி பக்கத்தில் உட்கார்ந்து நூல் சுமந்து ஓடுகிற கரை நாடாவைத் தள்ளுவாள். விளக்கேற்றித் தறிக்குழியில் காலை இறக்கிய மூத்தவர், சேலையை அறுக்கும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பது முறை. எழுந்துவிட்டால் உரிமை அடுத்த கிளைக்குப் போய்விடும். அடுத்த கிளை வேணுகோபாலுடையது. அதனால்தான் வேணுகோபால் வருடாவருடம் வந்து சாட்சியாக உட்காருவது. தர்மகர்த்தா இன்னொரு சாட்சி.

இந்தக் குடும்பத்தில் எவரும் எழுந்ததில்லை. திருஞானசம்பந்தத்தின் அப்பா அம்மை இறங்கிய வாரத்தில் நெய்தார். தாத்தா நெய்தபோது குழிக்குள் பாம்பு வந்துவிட்டதாம். ஒரு காலைத் தூக்கி வைத்துக்கொண்டு மறு காலால் மிதித்தாராம். பாம்பு பார்த்துவிட்டுப் போய்விட்டதாம். அப்படிப்பட்ட வம்சம்.

திருஞானசம்பந்தத்துக்குப் பாம்பு வரவில்லை. வந்தது வேறு.

இரண்டு வருடமாகவே அவருக்குச் சிறுநீர்த் தொந்தரவு. வீட்டில் இதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. அவர் சொல்ல விட்டதில்லை. அரை மணிக்கொரு தரம் தறியைவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போவார். போனால் உடனே வராது. அவ்வளவு அவசரப்படுத்திக் கூட்டிக்கொண்டு வந்தது, அங்கே போய் நின்றதும் ஒன்றும் தெரியாததுபோல் இருந்துகொள்ளும். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். பிறகு இற்றுப்போன இழை மாதிரி விட்டு விட்டு வரும். முடிந்ததென்று வேட்டியைச் சரிசெய்துகொண்டு திரும்பினால், முடியவில்லை என்று அடிவயிறு சொல்லும்.

வெளியே இதற்கு ஆயிரம் வேடம் போட்டார். கல்யாண வீட்டில் முன்வரிசையில் உட்கார வைத்தால், காற்று வரவில்லை என்று கதவோரம் போய்விடுவார். மகன் திருப்பதிக்குக் கூப்பிட்டபோது முட்டிவலி என்றார். முட்டி இரும்பு மாதிரி இருந்தது. திருமுக்கூடலில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டியிருந்தபோது, வழியில் ஒதுங்க எங்கெங்கே மறைவு இருக்கிறது என்று நினைத்துப் பார்த்தே களைத்துப்போய்ப் படுத்துக்கொண்டார். வெள்ளை வேட்டியில் ஈரம் பளிச்சென்று தெரிகிறது என்று காவி வேட்டிக்கு மாறினார். பெரியவர் பக்திப் பழமாகிவிட்டார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அவர் மறுக்கவில்லை.

ஒரே ஒரு ஆறுதல், நெசவு குறையவில்லை. அத்தனை முறை எழுந்து போய்வந்தும் சேலை முடிய வேண்டிய கிழமையில் முடிந்துகொண்டுதான் இருந்தது. கை வேகம் அப்படி, எழுபதைத் தாண்டியும் கை அப்படியே இருக்கிறது என்று மனதுக்குள் மீசையை முறுக்கிக்கொள்வார்.

ஆனால் ஒருபகல் சேலைக்குக் கை வேகம் போதாது. போன வருடமே பாடாய்ப் பட்டு, அறுத்த கையோடு கொல்லைக்கு ஓடினார். இந்த வருடம் தொந்தரவு இன்னும் முற்றியிருந்தது. நெடுநாள் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். உள்ளே போனால்தானே வெளியே வரும்? வியாழக்கிழமை காலையிலிருந்தே தண்ணீரை நிறுத்தினார். காரணம் கேட்டவர்களிடம், “இந்த வருஷம் அம்மனுக்கு நீரில்லாத விரதம்” என்றார். அது தெருவில் பற்றிக்கொண்டது. இளவரசி என்கிற எதிர்வீட்டுப் பெண் தன் குழந்தையைக் கூட்டிவந்து அவர் காலில் விழவைத்தாள். அவர் நாக்கு ஒட்டிக்கொண்ட வாயால் ஆசீர்வாதம் செய்தார்.

சங்கீதா ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறவள். வியாழக்கிழமை சாயங்காலம் வேலையிலிருந்து வந்தவள் பையை மாட்டிவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

“மாமா, விரதம்லாம் சரி. ஆனா தண்ணி குடிக்காம இருந்தா கெட்டியாயிடும். அடிவயித்துலயே சுருக்கு சுருக்குனு குத்தும். வர்ற மாதிரியே இருக்கும், அடக்கவும் முடியாது.”

“எது?”

சங்கீதா மாமியாரைப் பார்த்தாள். “அதான் மாமா. அது.”

“எது வந்தாலும் நான் பாத்துக்கிறேன். இந்த வூட்டு ஆம்பளைங்களுக்கு அதெல்லாம் வர்றதில்ல.”

புவனேஸ்வரி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, “ஆமாம்மா. உன் மாமனாருக்கு ஒண்ணுக்கே வர்றதில்ல. தெய்வப் பிறவி” என்றாள்.

வெள்ளிக்கிழமை விடிந்தது. குமரகுரு கற்பூரம் காட்டினார். திருஞானசம்பந்தம் குழியில் காலை இறக்கிப் பலகையில் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் புவனேஸ்வரி, மஞ்சள் பூசிக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, நெற்றி நிறையக் குங்குமத்தோடு. வெள்ளிக்கிழமைகளில் அவள் அப்படித்தான் இருப்பாள். முதல் நாடா ஓடியது, இழையை நெருக்குகிற அச்சு இறங்கி அடித்தது. வாசலில் நின்ற சில பெண்கள் குலவையிட்டுவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். சங்கீதா சுவரோரம் உட்கார்ந்து குறுக்கே ஓடுகிற ஊடைக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். வேணுகோபால் கதவோரமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

“அண்ணே, போன வருஷம் மாதிரி தூங்க மாட்டேன். கண்ணுல விளக்கெண்ண ஊத்திக்கினு உக்காந்திருக்கேன்.”

“உக்காரு. நல்லா உக்காரு. உங்கப்பன் உக்காந்தான், இப்ப நீ உக்காந்திருக்க. எத்தினி தலைமுறை ஆனாலும் உங்க பக்கத்துக்கு நாற்காலிதான்.”

குமரகுரு சிரித்தார். வேணுகோபாலும் சிரித்தான். ஆனால் அவன் சொன்னபடி உட்காரவில்லை. போனில் யாரோ கூப்பிடுவதாகச் சொல்லி அடிக்கடி வெளியே போய்வந்துகொண்டிருந்தான். தன்னைப் பதற்றப்படுத்தத்தான் இப்படிக் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறான் என்று திருஞானசம்பந்தம் நினைத்தார்.

ஒரு முழம் தாண்டுவதற்குள் முதல் குத்து வந்தது.

அது வழக்கமான அவசரம் இல்லை. மிளகாயை அரைத்து உள்ளே தடவியதுபோல் இருந்தது. ஒரு நாளுக்கு மேலாகத் தண்ணீர் காணாத உடம்பில் இருந்த கொஞ்சநஞ்சமும் நெருப்பாகியிருந்தது. பட்டுத்தறியில் நெய்த துணியைச் சுற்றிக்கொள்கிற படமரம் நெய்கிறவனின் மடிக்கு நேராக இருக்கும். அச்சை இழுத்து அடிக்கும்போதெல்லாம் அது அடிவயிற்றில் இடிக்கும். ஐம்பது வருடமாக இடித்ததை அவர் அறிந்ததே இல்லை. அன்றைக்கு ஒவ்வொரு அடியும் உள்ளே போய் இறங்கியது.

பல்லைக் கடித்தார். பெருவிரலை மிதிகட்டையில் அழுத்தினார். இடுப்பை இறுக்கி மூச்சைப் பிடித்தார். அலைபோல வந்தது, உச்சிக்கு ஏறியது, இறங்கியது. இறங்கியபோது அம்மனுக்கு நன்றி சொன்னார். அடுத்தது அதைவிடப் பெரிதாக வந்தது. நெற்றி வியர்வை சேலைமேல் விழாமல் தோளில் துடைத்துக்கொண்டார். கை மட்டும் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

“ஏங்க,” என்றாள் புவனேஸ்வரி, உதடு அசையாமல்.

“இன்னா?”

“ஒண்ணுமில்ல.”

வெயில் ஏறி, கூரையில் பதித்த கண்ணாடி வழியாக நேரே தறியில் விழுந்தது. சிவப்பு எரிந்தது. அந்த நேரத்தில்தான் அது நடந்தது. எவ்வளவோ இறுக்கிப் பிடித்தும் ஒரே ஒரு சொட்டு, சூடாக, கோவணத்தை நனைத்தது.

திருஞானசம்பந்தம் கீழே பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை. அவர் அடிவயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி, படமரத்தில் சுருண்டு கிடந்தது அம்மன் இடுப்பில் ஏறப்போகிற பட்டு. அடுத்த அலைக்கு இந்த அணை நிற்காது என்று அவருக்குத் தெரிந்தது. நின்றாலும் அதற்கடுத்ததற்கு நிற்காது. துணியில் பட்டால் யாருக்குத் தெரியும்? சிவப்பில் தெரியாது. காய்ந்தால் சுத்தமாகத் தெரியாது. குமரகுருவுக்குத் தெரியாது, வேணுகோபாலுக்குத் தெரியாது. உரிமை இருக்கும், பெயர் இருக்கும், தாத்தாவின் பாம்புக் கதையோடு இவருடைய விரதக் கதையும் சேர்ந்து இருக்கும். அந்தக் கல்லின் இரண்டு வெள்ளிக் கண்ணுக்கு மட்டும் தெரியும்.

எழுந்தால், இந்த வீட்டில் எழுந்த முதல் ஆள் என்று பெயர் நிற்கும். சாகும்வரை நிற்கும், செத்தபிறகும் நிற்கும்.

கை ஓடிக்கொண்டே இருந்தது. திருஞானசம்பந்தம் முதுகை நிமிர்த்தினார்.

“எனக்கு ஒண்ணுக்கு வருது,” என்றார்.

சொன்ன சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது. குமரகுருவின் கையிலிருந்த செய்தித்தாள் அப்படியே நின்றது. மருமகள் முன்னால், பங்காளி முன்னால், தர்மகர்த்தா முன்னால், திருஞானசம்பந்தம் என்கிற மனிதர் இரண்டு வருடமாக மனைவியிடம்கூடச் சொல்லாத சொல் அது. தலையில் இடி விழவில்லை.

அடுத்து நடந்ததை அவர் பிறகு எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் முழுதாகப் பிடிபடவில்லை. அவர் தள்ளிய நாடா வலப்பக்கம் போய்ச் சேர்ந்தபோது அதைப் பிடித்தது புவனேஸ்வரியின் கை. அவள் இடுப்பு அவர் இடுப்பை ஒரு தள்ளுத் தள்ளியது. மிதியில் அவர் பாதத்துக்குப் பக்கத்தில் அவள் பாதம் வந்து உட்கார்ந்தது. “நகருங்க,” என்றாள். அவர் இடப்பக்கமாகக் காலை எடுத்து மேலே ஏறினார். அதற்குள் சங்கீதா நூலைப் போட்டுவிட்டு, புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாமியார் விட்ட இடத்தில் இறங்கிக் கரை நாடாவை எடுத்தாள்.

“தறி நிக்கல,” என்றாள் புவனேஸ்வரி, கண்ணை எடுக்காமல். “போய்ட்டு வாங்க.”

கொல்லைக்கு எப்படிப் போனார் என்று தெரியாது. போய் நின்றார், சுவரில் கையை ஊன்றினார். வரவில்லை. வழக்கம்போல் வரவில்லை. அவ்வளவு எரித்தது இப்போது அசையாமல் நின்றது. வயிறு கல்லாக இறுகிவிட்டது. இதற்காகவா எழுந்தோம், இதற்காகவா எல்லாம் போயிற்று என்று கண்ணில் நீர் முட்டியது; அது மட்டும் தாராளமாக வந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

முதலில் அது என்னவென்று அவருக்குப் புரியவில்லை. தெரு வாயை மூடிக்கொண்டிருந்தது. அந்த அமைதிக்கு நடுவில் ஒரு தறி ஓடியது. நாடா ஓடுகிற மெல்லிய உரசல், அதன் பின்னால் அச்சு இறங்குகிற அடி, மிதி மாறுகிற முனகல், மறுபடி உரசல். ஒரு பெரிய உயிர் நிதானமாக மூச்சுவிடுவதுபோல் இருந்தது. இது யார் தறி, இவ்வளவு சுத்தமாக யார் நெய்கிறார்கள் என்று ஒரு கணம் நினைத்தார். பிறகுதான் உறைத்தது. அது அவருடைய தறி.

ஐம்பது வருடமாக அந்தத் தறியில் உட்கார்ந்தவர் அதை வெளியே நின்று கேட்டதே இல்லை. நெய்கிறவனுக்குத் தறிச்சத்தம் காதில் விழாது, கையில்தான் இருக்கும். மற்ற நாட்களில் அவர் கொல்லைக்கு வரும்போது தெரு முழுக்க எல்லா வீட்டுத் தறியும் ஒன்றாய் இரையும். அந்த இரைச்சலில் எது யாருடையது? அன்றைக்குத்தான் ஒன்றே ஒன்று. அதில் அவசரம் இல்லை, தயக்கம் இல்லை. சின்ன வயதில் அப்பா நெய்வதைத் திரைக்கு இந்தப்பக்கம் படுத்துக் கேட்டபோது எப்படி இருந்ததோ அப்படி இருந்தது. அவர் உடம்பு சிலிர்த்தது. மயிர்க்கால்கள் எழுந்து நின்றன. தான் இல்லாமலும் அது ஓடுகிறது. தன் கையில் இருந்ததாக நினைத்தது தன் கையில் மட்டும் இருக்கவில்லை.

கேட்டுக்கொண்டே நின்றார். எதற்காக வந்தோம் என்பதையே மறந்துபோனார். மறந்த அந்த இடைவெளியில் வயிறு தளர்ந்தது, கொஞ்சம் வந்தது, நின்றது, பிறகு எரிந்துகொண்டு நிறைய வந்தது. உடம்பை விட்டு ஒரு பாரம் இறங்குவதுபோல் இருந்தது. சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், “தாயே” என்றார். யாரைச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது.

கை கால் கழுவி, தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டு, வேறு வேட்டி கட்டித் திரும்பியபோது, தெருப்பக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூக்காரி எல்லம்மாள் நின்றிருந்தாள். அம்மனுக்கு மாலை கொடுத்துவிட்டுப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருக்கிறாள். வாய் திறந்திருந்தது. மூத்தவரைத் தவிர யாரும் உட்காராத இடத்தில், மஞ்சள் முகமும் பெரிய குங்குமமுமாக ஒரு பெண் உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தாள். வெயில் நேரே அவள்மேல் விழுந்துகொண்டிருந்தது. எல்லம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

உள்ளே குமரகுரு எழுந்து நின்றிருந்தார்.

“முதலியாரே, எழுந்துட்டீங்களே. முறைன்னு ஒண்ணு இருக்குதே.”

“எழுந்தேன்,” என்றார் திருஞானசம்பந்தம்.

“அப்போ உரிமை...” குமரகுரு வேணுகோபாலைப் பார்த்தார்.

“என்ன ஏன் வாத்தியாரே பாக்குறீங்க?”

“உன் கிளைக்குத்தானேப்பா வரணும். வர்ற வருஷம் நீ உட்காரணும்.”

“நானா?” வேணுகோபால் நாற்காலியிலிருந்து குதித்து எழுந்தான். அவனுக்கே அறுபத்தெட்டு வயது. “நான் விடிஞ்சதிலேர்ந்து எத்தினி வாட்டி வெளிய போய்ட்டு வந்தேன், பாத்துக்கினுதான இருந்தீங்க? போன் வந்துச்சின்னா போனேன்? எனக்கு எவன் போன் பண்றான்?”

 வேணுகோபால் திருஞானசம்பந்தத்தின் பக்கம் திரும்பினான். குரல் இறங்கியது.

“எனக்கும் அதேதாண்ணே. ஒரு வருஷமா. உனக்கு இருக்குதுன்னு எனக்கு எப்பவோ தெரியும். நீ கதவாண்ட போய் உக்காருவ, நான் அதுக்கு முன்னாடியே கதவாண்ட உக்காந்திருப்பேன், பாத்ததில்ல நீ? இந்த உரிமை எங்க எனக்கு வந்துடப் போவுதோன்னு சாமிக்கு நேந்துக்கினு இருக்கேன், வரக் கூடாதுன்னு.”

சங்கீதா கரை நாடாவைத் தள்ளிக்கொண்டே சிரித்துவிட்டாள். குமரகுரு அவளை முறைத்தார். பிறகு அவருக்கும் உதடு கோணியது. இருந்தாலும் வாத்தியார் வாத்தியார்தான்.

“அதெல்லாம் சரி. ஆனா பொம்பள உக்காந்து நெய்யறது வழக்கத்துல இல்லியே.”

புவனேஸ்வரி மிதியை மாற்றினாள். “கரையை நாப்பது வருஷமா நான்தான் நெய்யறேன், வாத்தியாரே. கரை அம்மன்மேல படலியா? கழட்டி வச்சிட்டா உடுத்துனா?”

குமரகுரு குனிந்து மஞ்சள் கரையைப் பார்த்தார்.

“தறி நிக்கல,” என்றான் வேணுகோபால். “நான் சாட்சி. கேட்டுக்கினே இருந்தேன், ஒரு அடிகூட விடல. எழுந்துக்கக் கூடாதுன்னு எதுக்கு வச்சாங்க? எழுந்தா தறி நின்னுடும்னுதான வச்சாங்க? நிக்கலியே.”

கூரைக் கண்ணாடி வழியாக வெயில் எங்கே இருக்கிறது என்று குமரகுரு அண்ணாந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து செய்தித்தாளை மடித்தார். “அந்தி விளக்குக்கு முன்னாடி முடியணும். அது ஒண்ணுதான் நான் கேக்கறது. அம்மன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்.”

திருஞானசம்பந்தம் இதையெல்லாம் பாதிதான் கேட்டார். அவர் கண் தறியில் இருந்தது. புவனேஸ்வரியின் தோள் அசைவதை, மணிக்கட்டு திரும்புவதை, அச்சை இழுக்கிற அந்த அளவான இழுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது இன்றைக்கு முதன்முதலாகத் தொட்ட கை இல்லை. நெடுநாள் பழகிய கை.

“எப்பத்திலேர்ந்து?” என்றார்.

“ரெண்டு வருஷமாவுது. நீங்க கொல்லைக்குப் போனா வர்றதுக்கு நேரமாவும். தறி சும்மா கெடந்தா கெழம தவறிடும்ல? நகர்ந்து உக்காந்து ஓட்டுவேன். நீங்க வாளி எடுக்கற சத்தம் கேட்டா இந்தப் பக்கம் வந்துடுவேன்.”

இரண்டு வருடச் சேலைகள் ஒவ்வொன்றாக அவர் கண்முன் வந்தன. கை வேகம் என்று மீசை முறுக்கிய சேலைகள். அவற்றை மடிக்கும்போது வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒரு இழை இறுகியிருந்தாலும் தளர்ந்திருந்தாலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. எதிலும் இன்னொரு கை இருந்த அடையாளமே இருந்ததில்லை.

“ஏன் எங்கிட்ட சொல்லல?”

“நீங்க சொன்னீங்களா?” என்றாள் அவள்.

திருஞானசம்பந்தம் சுவரோரம் போய் உட்கார்ந்தார். செம்பில் தண்ணீரை எடுத்து, அண்ணாந்து, ஒரே மூச்சில் குடித்தார். நீரில்லாத விரதம் அத்தோடு முடிந்தது. குளிர்ந்த தண்ணீர் தொண்டையிலிருந்து இறங்கிப் போவதை வழி நெடுக உணர முடிந்தது. அவள் கையைப் பார்த்துக்கொண்டே இன்னொரு செம்பு குடித்தார்.

பிறகு அவர் மறுபடி குழியில் இறங்கினார். அவள் நாடாவை அவரிடம் விட்டாள், தறி நிற்காமல். அதற்குப் பிறகும் எழுந்தார். எழும்போதெல்லாம், “வருது, போய்ட்டு வரேன்” என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்னதும் பக்கத்துப் பாதம் மிதிக்கு வரும். அவர் போய்த் திரும்பியதும், “நீ வந்துட்டியா அண்ணே? அப்ப நான் போறேன்” என்று வேணுகோபால் எழுவான். உள்ளே தண்ணீர் போனதாலோ, அடக்கத் தேவையில்லாததாலோ, அந்த எரிச்சல் பிற்பகலில் பாதியாகக் குறைந்துவிட்டது.

வெயில் சாய்ந்தபோது மூன்றாவது முழம் முடிந்தது. குமரகுரு சேலையை அறுத்துத் தட்டில் வைத்துத் தலையில் தூக்கிக்கொண்டார்.

கோயிலில் பூசாரி அம்மனுக்கு அபிஷேகம் முடித்து அந்தச் சிவப்பைச் சுற்றினார். விளக்கைத் தூக்கிக் காட்டினார். திருஞானசம்பந்தம் எல்லோருக்கும் முன்னால் நின்றார். கும்பிடுவதற்கு முன்னால், நெசவுக்காரன் கண்ணால், துணியைப் பார்த்தார். எந்த இடத்தில் தன் கை விட்டது, எந்த இடத்தில் அவள் கை தொட்டது என்று தேடினார். கரையோரமாகத் தேடினார், மடிப்பில் தேடினார். சுடர் ஆடியது, பட்டு அதோடு சேர்ந்து ஆடியது. கீழிருந்து மேல்வரை ஒரே சிவப்பு. எங்கேயும் தையல் இல்லை, தடம் இல்லை. இரண்டு வெள்ளிக் கண்களும் அவரை நேரே பார்த்தன.  பக்கத்தில் புவனேஸ்வரி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். கருவறையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் திரும்பிக் கும்பிடுவது என்று தெரியாமல், அந்த நிமிர்ந்த முதுகுக்காரர் இருந்த இடத்திலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

அடுத்த வாரம் சங்கீதா அவரை டாக்டரிடம் கூட்டிப்போனாள். வேணுகோபாலும் தொற்றிக்கொண்டு வந்தான். புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கிறது, வயதில் வருகிற சாதாரண வீக்கம்தான், பயப்படும்படியாக ஒன்றும் இல்லை என்று சோதனைகளைப் பார்த்துவிட்டு டாக்டர் சொன்னார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். பகலில் தண்ணீரை நன்றாகக் குடிக்கச் சொன்னார், பொழுது சாய்ந்தபின் குறைக்கச் சொன்னார், டீயைக் குறைக்கச் சொன்னார். முட்டிக்கொண்டு வரும்வரை காத்திருக்காமல் நேரம் வைத்துப் போகச் சொன்னார். “அடக்கி மட்டும் வைக்காதீங்க, முழுசா அடைச்சிக்கிட்டா ஆபத்து” என்று அழுத்திச் சொன்னார். மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்தது. இழை முழுக்கச் சீராகவில்லை; ஆனால் முன்புபோல் அறுந்து அறுந்து வரவில்லை. திருஞானசம்பந்தம் மறுபடி வெள்ளை வேட்டி கட்டினார்.

இதற்கிடையில் எல்லம்மாள் பார்த்தது தெருவைத் தாண்டிவிட்டது. பெரியவருடைய விரதத்துக்கு மனமிறங்கி அம்மனே மஞ்சள் புடவையில் வந்து தறியில் உட்கார்ந்து நெய்தாள் என்று பேச்சு. அம்மன் வந்ததைப் பார்த்துப் பெரியவர் மயங்கி விழுந்தார் என்று ஒரு கிளை. விழவில்லை, அம்மன் அவரைக் கையைப் பிடித்து எழுப்பினாள் என்று இன்னொரு கிளை. திருப்பருத்திக்குன்றத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். யாரோ தறிக்குழியின் விளிம்பில் மஞ்சள் தடவிவிட்டுப் போனார்கள். இருந்துவிட்டுப் போகட்டுமே, கோயிலுக்கு நல்லதுதானே என்றார் குமரகுரு. குடும்பத்துக்கும் பெருமைதானே என்றான் வேணுகோபால்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழியிலிருந்து ஒரு பிடி மண் கேட்டுச் சுகாசினி என்றொரு பெண் தன் மாமியாரோடு வந்தாள். பின்னால் தெருவில் இன்னும் சிலர் நின்றிருந்தார்கள். திருஞானசம்பந்தம் வாசல்படியில் வந்து நிமிர்ந்து நின்றார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

“அம்மன் வரல. தறியில உக்காந்து நெய்தது என் வூட்டுக்காரி புவனேஸ்வரி. நான் அப்ப ஒண்ணுக்குப் போயிருந்தேன்.”